படித்து முடித்து ஏத்தங்காய் சிப்ஸ் தொழில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில், மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊராட்சியில், வீட்டுப் பின்பக்கம் போட்ட கொட்டகையில் ஏத்தங்காய் சிப்ஸ் பொரித்து விற்கிறேன். வெளியூர்க்காரர்களுக்கு நேந்திரன் வாழை என்றால் தெரியும். எங்களுக்கு அது ஏத்தன். பொறியியல் படித்துவிட்டு 2019இல், 22 வயதில் தொடங்கினேன். இன்று என்னோடு ஐந்து பெண்கள் வேலை செய்கிறார்கள். சொந்தமாக ஏதாவது தொடங்க நினைக்கும் தம்பி தங்கைகள் போனிலும் நேரிலும் கேட்கிற கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன.

இந்தத் தொழில் எப்படி மனதில் வந்தது?

ஒக்கிப் புயலில் இருந்து வந்தது. 2017 நவம்பர் 30 அன்று காற்று அடித்தபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா பாட்டத்துக்கு (குத்தகைக்கு) எடுத்த நிலத்தில் 300 ஏத்தன் நட்டிருந்தார். காலையில் போய்ப் பார்த்தால் ஒன்றுகூட நிமிர்ந்து நிற்கவில்லை. எல்லாம் முக்கால் விளைச்சல் குலைகள். பழுக்க வைக்கவும் முடியாது, சந்தையிலும் எடுக்க மாட்டார்கள். கடைசியில் ஒரு சிப்ஸ்காரர் வண்டியோடு வந்து, விளைச்சல் கூடிய குலைகளை மட்டும் பொறுக்கி, அடிமாட்டு விலைக்கு ஏற்றிக்கொண்டு போனார். அந்த விலை அப்பாவின் முகத்தை என்ன செய்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்று அந்தக் காய்க்கு ஏதோ ஒரு விலை சொன்னது அவர் ஒருவர்தான் என்பதும் மனதில் நின்றது. விளைவிக்கிறவர் வீட்டிலேயே ஒரு சட்டி இருந்தால் என்ன என்று அப்போதுதான் யோசிக்க ஆரம்பித்தேன்.

முதல் எவ்வளவு போட்டீர்கள்?

32,000 ரூபாய். பெரிய இரும்புச் சட்டியும் அடுப்பும் 9,500. சீவும் கட்டை, கத்திகள் 1,800. தராசு 4,200. கவர் ஒட்டும் சீல் மெஷின் 2,300. முதல் லோடு காயும் தேங்காய் எண்ணெயும் 11,000. கவர், ஸ்டிக்கர் 3,200. டியூஷன் எடுத்துச் சேர்த்த 12,000 என்னிடம் இருந்தது. மீதிக்கு அம்மாவின் வளையலைப் பணயம் வைத்தோம். அந்த வளையலை மீட்க பதினான்கு மாதம் ஆனது. நகையை வைத்துத் தொடங்குகிறவர்களிடம் நான் சொல்வது, மீட்கும் தேதியைச் சமையலறைச் சுவரில் எழுதிப் போடுங்கள் என்பதுதான். நாங்கள் போட்டிருந்தோம். தேதி இரண்டு மாதம் தள்ளிப் போனபோது அதை அடித்து எழுதியதும் நான்தான், அம்மா பார்க்கவே.

வீட்டில் ஒத்துக்கொண்டார்களா?

உடனே இல்லை. 2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். படித்தவர்கள் அடுத்து எங்கே போக வேண்டும் என்பதும் ஊரில் ஏற்கெனவே முடிவான விஷயம்: வளைகுடா, திருவனந்தபுரம் டெக்னோபார்க்கின் ஐடி கம்பெனிகள், சென்னை, இல்லையென்றால் அரசுத் தேர்வு. அந்த வரிசையில் எண்ணெய்ச் சட்டி கிடையாது. கல்யாண வீடுகளில் "பிள்ளை இப்போ என்ன செய்யுது?" என்று கேட்டால் அம்மா முதல் வருடம் முழுக்க "பரீட்சைக்குப் படிக்குது" என்றுதான் சொன்னார். எனக்கு வருத்தம் இருந்தது, ஆனால் சண்டை போடவில்லை. ஒரு நாள் அதே கேள்விக்கு அம்மா, "சிப்ஸ் போடுது, உனக்கு ரெண்டு கிலோ வேணுமா?" என்று சொன்னதைப் பக்கத்து நாற்காலியில் இருந்து கேட்டேன்.

நான் சொல்வது இதுதான்: வீட்டாரைப் பேச்சால் மாற்ற முயற்சி செய்யாதீர்கள். ஒரு வருடக் கெடு கேளுங்கள். அந்த ஒரு வருடமும் மாதக் கணக்கை அவர்களிடம் காட்டுங்கள், நட்டமான மாதத்தையும் சேர்த்து.

ஒரு நாள் எப்படிப் போகும்?

வாரத்தில் நான்கு நாள் பொரிப்பு: திங்கள், புதன், வியாழன், சனி. செவ்வாயும் வெள்ளியும் கடைகளுக்கும் வசூலுக்கும். ஞாயிறு அடுப்பு கிடையாது.

பொரிக்கிற நாளில் காலை ஐந்தரைக்குக் காய் வந்துவிடும். கையில் எண்ணெய் தடவிக்கொண்டுதான் உரிக்க வேண்டும், இல்லாவிட்டால் கறை நகக்கண்ணில் ஏறி ஒரு வாரம் போகாது. உரித்த காயை மஞ்சள் கலந்த தண்ணீரில் போட்டு, கழுவி, ஈரம் வடிய வைப்போம். பிறகு சட்டிக்கு மேலேயே கட்டையைப் பிடித்து நேராக எண்ணெயில் சீவுவது. இதை எனக்குக் கற்றுத்தந்தவர் பக்கத்து வீட்டு மாமி. திருவனந்தபுரத்தில் ‘சாலை’ என்னும் கடைத்தெருவில் பல வருடம் சிப்ஸ் கடையில் நின்றவர். முதல் நாள் அவர் என்னைச் சட்டியைப் பார்க்கவே விடவில்லை. "கண்ணை மூடு மக்களே, காதைக் குடு" என்றார்.

சீவல் விழுந்ததும் எண்ணெய் பெருமழை போல இரையும். காயில் இருக்கும் தண்ணீர் வெளியேறுகிற சத்தம் அது. மெல்ல மெல்ல இரைச்சல் சலசலப்பாகும். அந்த இடத்தில் ஒரு கரண்டி உப்புத் தண்ணீர் விட வேண்டும்; சட்டி மறுபடி ஒரு முறை பொங்கி அடங்கும். அப்புறம் சத்தம் கிட்டத்தட்ட நின்றுவிடும். ஜல்லிக் கரண்டியால் கிளறினால் சில்லறைக் காசு உரசுவது போலக் கலகலக்கும். அந்தக் கணத்தில் எடுத்துவிட வேண்டும். கொஞ்சம் பிந்தினால் கருக்கும், முந்தினால் மறுநாளே நமுத்துப்போகும். மாமி இப்போது இல்லை. இன்றும் புதிதாக வருகிற பெண்களை முதல் நாள் கண்ணை மூடித்தான் நிற்கச் சொல்கிறேன், சட்டிக்கு நாலடி தள்ளி.

மதியம் ஒரு மணிக்கு அடுப்பு அணைந்துவிடும். ஆற விட்டு, நொறுங்கலைப் பிரித்து, எடை போட்டு, கவரில் அடைக்க மாலை ஐந்தாகும். ஆறு மணிக்குக் கணக்கு நோட்டு. அரை மணி நேரம்தான். ஆனால் அந்த அரை மணி நேரத்தைத் தள்ளிப் போட்ட வாரங்களில்தான் எனக்கு எல்லாக் குழப்பமும் வந்திருக்கிறது.

விலை எப்படி வைப்பது?

இதில்தான் முதல் எட்டு மாதம் ஏமாந்தேன். ஏமாற்றியவர் வேறு யாரும் இல்லை, என் கணக்குதான்.

ஒரு கிலோ சிப்ஸுக்குத் தோலோடு ஏறக்குறைய நாலு கிலோ காய் போகும். அன்றைய விலை கிலோ 40, ஆக 160 ரூபாய். ஒரு கிலோ சிப்ஸ் குடிக்கிற எண்ணெய் சுமார் 300 கிராம், அன்று 66 ரூபாய். மொத்தம் 226. பக்கத்துக் கடையில் 300க்கு விற்கிறார்கள், நானும் 300 வைத்தேன். கிலோவுக்கு 74 ரூபாய் லாபம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். மாதக் கடைசியில் கையில் எதுவும் நிற்காது.

பாலிடெக்னிக்கில் கணக்குப் பாடம் எடுக்கும் ஒரு அண்ணன் ஒரு நாள் உட்கார்ந்து எழுதச் சொன்னார். கேஸ் 15. கூலி 40. கவரும் ஸ்டிக்கரும் 15. உப்பு, மஞ்சள் 2. நொறுங்கல், கருகல் 10. கூட்டிப் பார்த்தால் 308. நான் ஒவ்வொரு கிலோவுக்கும் எட்டு ரூபாய் கையில் இருந்து கொடுத்து விற்றுக்கொண்டிருந்தேன், அதுவும் என் உழைப்புக்கு ஒரு ரூபாய்கூடப் போடாமல்.

மறுவாரம் விலையை 380 ஆக்கினேன். மூன்று கடைக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். அதில் இருவர் இரண்டு மாதத்தில் திரும்ப வந்தார்கள். விலையைச் சொல்லும்போது குரல் இறங்கக் கூடாது, காரணங்களை அடுக்கவும் கூடாது. "கிலோ 380" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். கேட்க எளிதாக இருக்கும், எனக்குப் பழக ஆறு மாதம் ஆனது. 2025இல் தேங்காய் எண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டியபோது பாமாயிலுக்கு மாறலாம் என்று பலர் சொன்னார்கள். மாறவில்லை. விலையைக் கூட்டி, கூட்டியதற்கான ஒரே காரணத்தைக் கடைக்காரர்களிடம் ஒரு வரியில் எழுதிக் கொடுத்தேன். விற்பனை குறைந்தது. சட்டியில் இருந்து வரும் வாசனை மாறவில்லை.

சொந்தக்காரர்கள் கடனுக்கு வாங்கினால் எப்படிக் கேட்பது?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்.

சென்னையில் வியாபாரம் செய்தால் கடைக்காரர் வெறும் கடைக்காரர். இங்கே அவர் அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன், அல்லது அப்பாவோடு படித்தவர், அல்லது ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பக்கத்தில் நிற்பவர். ஒரு மாமாவின் கடையில் எனக்கு 14,600 ரூபாய் பாக்கி நின்றது. நான்கு தடவை போனேன். நான்கு தடவையும் "வா மக்களே, சாயா குடி" என்பார். சாயா குடித்துவிட்டு, அத்தையின் முட்டுவலியை விசாரித்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் வந்துவிடுவேன். வீட்டுக்கு வந்தால் அவர் மேல் கோபம் வரும். அந்த வாரம் காய்க்காரருக்குக் கொடுக்கப் பணம் இல்லாமல் அப்பாவிடம் கை நீட்டியபோதுதான் உறைத்தது.

ஐந்தாவது தடவை சாயாவுக்கு முன்பே கேட்டேன். "மாமா, 14,600 நிக்குது. இன்னைக்கு எவ்வளவு தருவிய?" அவ்வளவுதான். நெஞ்சு அடித்துக்கொண்டது. அவர் கல்லாவைத் திறந்து 5,000 எடுத்துத் தந்தார், மீதியை மூன்று வாரத்தில் தீர்த்தார். போகும்போது "நீ கேக்கல்ல, நான் தரல்ல" என்றார். அதில் எந்தக் கோபமும் இல்லை.

அதன் பிறகு சில வழக்கங்கள் வைத்துக்கொண்டேன். எவ்வளவு நெருங்கியவர் என்றாலும் பில் இரண்டு பிரதி. ஒன்றில் அவர் கையெழுத்து. வசூல் நாள் வெள்ளி, எல்லோருக்கும் அதே நாள். இரண்டு பில் நிலுவை இருந்தால் மூன்றாவது சரக்கு இறங்காது. "தருவீர்களா?" என்று கேட்க மாட்டேன், "இன்று எவ்வளவு?" என்றுதான் கேட்பேன். இதனால் யாரோடும் உறவு கெடவில்லை. வெளியூர்க் கடைக்காரர் ஒருவர் மட்டும் 6,200 ரூபாயோடு கடையை மூடிவிட்டுப் போனார். அதை நோட்டில் நட்டம் என்று எழுதி அந்தப் பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

வீட்டு விசேஷங்களுக்கு இலவசமாகக் கேட்பவர்களும் உண்டு. அதற்கு வருடத்துக்கு இத்தனை கிலோ என்று நானே ஒதுக்கி வைத்திருக்கிறேன். அது தீரும்வரை மனம் நிறைந்து கொடுப்பேன், தீர்ந்துவிட்டால் விலைக்குத்தான். இது எல்லோருக்கும் தெரியும்.

என்னென்ன பதிவு வேண்டும்?

உணவுப் பொருள் என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு முதல் வேலை. நான் எடுத்த 2019இல், ஆண்டு விற்றுமுதல் 12 லட்சத்துக்குள் இருந்தால் அடிப்படைப் பதிவு போதுமானதாக இருந்தது, கட்டணம் அப்போது வருடத்துக்கு 100 ரூபாய். சிறு தொழில்களுக்காக 2020 ஜூலையில் வந்த உத்யம் பதிவு இலவசம், ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் வீட்டில் இருந்தே முடிக்கலாம். அதற்கு யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். எடை போட்டு விற்பதால் தராசுக்கு ஆண்டுதோறும் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் முத்திரை வைக்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

நம் மாவட்டத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு, அதைக் கவனமாகப் படியுங்கள். தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். ஆனால் வரி உள்ள பொருளை வேறு மாநிலத்துக்கு விற்றால் முதல் ரூபாயில் இருந்தே பதிவு வேண்டும். மதுரைக்காரருக்கு அது தூரத்து விஷயம். நமக்குக் களியக்காவிளை தாண்டினால் கேரளாவின் பாறசாலை; அங்கே ஒரு கடைக்குச் சரக்கு போட்டாலே அது மாநிலம் விட்டு மாநிலம். எனக்கு இது தெரியாமல் பாறசாலையில் ஒரு கடைக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, பதிவு கிடைக்கும்வரை ஐந்து வாரம் அவரைக் காக்க வைத்தேன்.

எண்ணெய் பற்றியும் ஒரு விதி இருக்கிறது. பொரிக்கும் எண்ணெயில் மொத்த போலார் சேர்மங்கள் (திரும்பத் திரும்பச் சூடாக்கும்போது எண்ணெய் கெட்டு உண்டாகிறவை) 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2018 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. நுரை அடங்காமல் நின்றாலோ நிறம் கறுத்தாலோ அதற்கு முன்பே மாற்றிவிடுவோம். பழைய எண்ணெயை மலிவாகக் கேட்டு ஆள் வருவார்கள், கடைகளில் திரும்பவும் பொரிக்க. கொடுக்காதீர்கள். அதை வாங்கி பயோடீசலுக்கு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

வங்கிக் கடனும் மானியமும் உண்மையிலேயே கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் நடக்க வேண்டும். நாகர்கோவில் கோணத்தில் இருக்கும் மாவட்டத் தொழில் மையத்துக்கு நேரில் போய் உட்கார்ந்து கேளுங்கள். 2022இல் பிஎம்இஜிபி என்னும் மத்திய அரசின் கடன், மானியத் திட்டத்தில் எட்டு லட்சத்துக்கு விண்ணப்பித்தேன். ஊரகப் பகுதி, பெண் தொழில்முனைவோர் என்பதால் என் பங்கு 5 சதவீதம், 40,000 ரூபாய். மானியம் 35 சதவீதம், 2.8 லட்சம். இந்த மானியம் கையில் வராது. வங்கியில் உங்கள் கடனுக்கு எதிரே வைப்பாக மூன்று வருடம் இருக்கும், பிறகுதான் கழியும். இது புரியாமல் 2.8 லட்சத்தைக் கையிருப்பாக நினைத்துச் செலவைத் திட்டமிட்டவர்கள் சிக்கியிருக்கிறார்கள்.

முதலில் போன வங்கிக் கிளையில் "கல்யாணம் ஆனால் தொழிலை யார் பார்ப்பது?" என்று கேட்டார்கள். பதில் சொல்லாமல் என் மூன்று வருடக் கணக்கு நோட்டை மேசையில் வைத்தேன். அங்கே கிடைக்கவில்லை. இரண்டாவது கிளையில் மேலாளர் அந்த நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். சீவும் மெஷினும் நைட்ரஜன் நிரப்பும் பேக்கிங் மெஷினும் அந்தக் கடனில் வந்தவை.

பட்டம், டிப்ளமோ, ஐடிஐ முடித்துப் பெரிதாகத் தொடங்க நினைப்பவர்கள் புதிய தொழில்முனைவோருக்கான தமிழ்நாடு அரசின் நீட்ஸ் திட்டத்தைப் பற்றியும் மாவட்டத் தொழில் மையத்திலேயே கேளுங்கள்.

மழைக்காலத்தை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

நமக்கு இரண்டு மழையும் உண்டு: ஆனி ஆடிச் சாரல், பிறகு ஐப்பசி கார்த்திகை. காற்றில் ஈரம் இருந்தால் சிப்ஸ் பத்தே நிமிடத்தில் நமுக்கும். அந்த நாட்களில் தகர டின்னில் ஆற வைத்து, மூடி, உடனே அடைக்கிறோம். பொரிப்பையும் பாதியாகக் குறைத்துக்கொள்வோம்.

ஓணத்துக்கு நல்ல விற்பனை இருக்குமே?

விற்பனை இருக்கும், லாபம் அந்த அளவுக்கு இருக்காது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் காய் வேண்டும், விலை ஏறிவிடும். ஆவணிக்கு இரண்டு மாதம் முன்பே மூன்று விவசாயிகளோடு விலை பேசி முன்பணம் கொடுத்துவிடுகிறேன். அதில் ஒருவர் அப்பா. அவருக்கும் பில் உண்டு.

பெரிய தவறு ஏதாவது செய்தீர்களா?

2020 டிசம்பரில் சென்னைக்கு 40 பாக்கெட் ஆர்டர் வந்தது, அரைக் கிலோ, ஒன்று 190 ரூபாய். கூரியர் நேரத்தைப் பிடிக்க வேண்டும் என்று சூடு முழுதாக ஆறும் முன்பே அடைத்துவிட்டேன். கவருக்குள் வேர்த்து, போய்ச் சேர்ந்தபோது எல்லாம் சவசவ. முதலில் கூரியர் தாமதத்தைக் காரணம் சொல்லலாம் என்று தோன்றியது. உண்மையாகவே ஒரு நாள் பிந்தியிருந்தது. இரவு முழுக்க யோசித்துவிட்டுக் காலையில் ஒவ்வொருவரையும் போனில் அழைத்து, "சூட்டோடு அடைத்தது என் தவறு" என்று சொல்லி 7,600 ரூபாயையும் திருப்பினேன். அந்த மாத வருமானமே ஏறக்குறைய அவ்வளவுதான். அதில் மூன்று பேர் இன்னும் வாங்குகிறார்கள். பொய் சொல்லியிருந்தால் அடுத்த தடவையும் சூட்டோடுதான் அடைத்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

தனிமையாக இருக்குமா?

இருக்கும். கூடப் படித்தவர்கள் குழுவில் சம்பள உயர்வு, விமான டிக்கெட் படங்கள் வரும். நான் கையில் கறையோடு உட்கார்ந்திருப்பேன். 2021இல் மூன்று மாதம் யாரிடமும் சரியாகப் பேசவில்லை, தூக்கமும் இல்லை. அம்மா சொல்லித்தான் டாக்டரிடம் போனேன். போனதில் எனக்குக் கூச்சம் இல்லை, நீங்களும் தள்ளிப் போடாதீர்கள்.

அதன் பிறகு ஒரு வழக்கம் வந்தது. தேன் பெட்டி வைத்திருக்கும் ஒரு நண்பன், தையல் யூனிட் நடத்தும் ஒரு அக்கா, நான். மாதக் கடைசி ஞாயிறு மாலை தேங்காப்பட்டணம் கடற்கரையில் சந்திப்போம். மூவரும் கணக்கு நோட்டைக் கொண்டு வருவோம், மாற்றிப் படிப்போம். "ரப்பர் தளிர் விடுகிற மாசி பங்குனியில் தேன் கொட்டுது, ஆடியில பெட்டிக்கு நான் சர்க்கரைப் பாகு ஊத்துறேன்" என்று அவன் சொல்லும்போது, விற்பனை இல்லாத மாதத்தைக் கண்டு பயந்துகொண்டிருந்த எனக்குக் கொஞ்சம் மூச்சு வரும். அவன் மாசியிலேயே ஆடிக்கான பாகுச் செலவை எடுத்து வைத்துவிடுகிறான். நானும் ஓணப் பணத்தில் இருந்து மழைக்காலக் கூலியை எடுத்து வைக்கத் தொடங்கினேன்.

உங்களுக்குச் சம்பளம் எடுத்துக்கொள்கிறீர்களா?

முதல் ஒன்றரை வருடம் இல்லை, அது தவறு. 2021 ஏப்ரலில் 8,000 ரூபாயில் தொடங்கினேன். இப்போது 22,000. தொழிலுக்கு ஒரு வங்கிக் கணக்கு, எனக்கு வேறு கணக்கு. தங்கையின் கல்லூரிக் கட்டணம் என் கணக்கில் இருந்துதான் போகிறது.

கல்யாணம்?

ஆகும்போது ஆகும். என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார் தொழிலை விட முடியுமா என்று கேட்டார்கள். முடியாது என்று நானே சொன்னேன். அப்பா குறுக்கே பேசவில்லை.

இருக்கிற வேலையை விட்டுவிட்டுத் தொடங்கலாமா?

ஆறு மாத வீட்டுச் செலவு கையில் இல்லாமல் விடாதீர்கள். அதுவரை சனி ஞாயிறுகளில் செய்து, தெரியாத பத்துப் பேருக்கு முழு விலையில் விற்றுப் பாருங்கள். சொந்தக்காரர்கள் வாங்குவதை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

நேரில் வந்து பார்க்கலாமா?

தாராளமாக. செவ்வாய் அல்லது வெள்ளி, மாலை நான்கு மணிக்கு மேல் வாருங்கள். கடைகளைச் சுற்றிவிட்டு வந்திருப்பேன். பொரிக்கிற நாளில் காலை நேரம் மட்டும் வேண்டாம், எண்ணெய் முன் நிற்கும்போது யாரோடும் பேச மாட்டேன். வரும்போது உங்கள் செலவுக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொண்டு வாருங்கள், கூலியையும் சேர்த்து. சாயா குடித்துக்கொண்டே பார்ப்போம்.